சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்த நாள்

எங்கட ஆக்களுக்கு டென்மார்க்கில எல்லாமே சனிக்கிழமைதான். கலியாணம் சனிக்கிழமை, பெட்டை பெரியபிள்ளையானா சாமத்தியவீடு சனிக்கிழமை, பிள்ளையின்ர முதலாவது பிறந்தநாள் சனிக்கிழமை. சித்திரை வருஷம் பஞ்சாங்கத்தில எந்த நாளில, எத்தினை நாழிகைக்குப் பிறந்தாலும் எங்களுக்கு அது சனிக்கிழமை பின்னேரம், வாடகைக்கு எடுத்த விளையாட்டு மண்டபத்தில, மைக் சோதிச்சு முடிஞ்சாப்பிறகுதான் பிறக்கும். கிழமை நாளில ஆருக்கு லீவு? ஆர் சமைக்கிறது? ஆனபடியால் செத்துப்போனவையும் சனிக்கிழமை மட்டும் பொறுத்துக்கொண்டிருக்க வேணும்.

என்ர அப்பா செத்தது யாழ்ப்பாணத்தில, சண்டை நேரம், பாதை பூட்டியிருந்த காலம். நான் அப்ப ஸ்கீவ எண்ட டெனிஷ் ஊரில, கைக்குழந்தையோட, டெனிஷ் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன். செய்தி எனக்கு வந்து சேர முதலே எட்டாம் நாள் சடங்கும் முடிஞ்சுபோச்சு. அவரின்ர திதி பங்குனிக் கடைசியில, இல்லாட்டிச் சித்திரைத் தொடக்கத்தில வரும். கலண்டரைப் பார்த்து, திதி வியாழக்கிழமையெண்டா, "சரி, சனிக்கிழமை செய்வம்" எண்டு நானே சொல்லுவன். அப்பா மறுத்துக் கதைக்கமாட்டார்தானே. வருஷக்கணக்கா இப்பிடித்தான் நடந்தது, எனக்கு அதில ஒரு பிழையும் தெரியேல்ல.

இதை ஏன் முதல்ல சொல்லுறன் எண்டா, நான் செய்த பிழை இந்தப் பழக்கத்தில இருந்துதான் வந்தது. வேற சாதிசனமெண்டா அப்பிடி ஒரு பிழை விட்டிருக்கமாட்டினம் எண்டு நினைக்கிறன்.

நான் ஒடென்சேயில ஒரு முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். குளிக்க வாக்கிறது, உடுப்பு மாத்திறது, மருந்து குடுக்கிறது, ஏலாதவைக்குச் சாப்பாடு தீத்திறது. அங்க ஒரு இங்கிலீஸ்காரி இருந்தவ. டெனிஷ்காரர் ஒருத்தரைக் கட்டி, அறுபது வருஷத்துக்கு மேல இந்த நாட்டில சீவிச்சவ. புருஷன் எப்பவோ செத்துப்போட்டார். கடைசிக் காலத்தில மறதி வந்து, டெனிஷ் அவவை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் கழண்டுபோச்சு, இங்கிலீஸ் மட்டும் மிஞ்சினது. இல்லத்துக்குப் பொறுப்பான எங்கட லீடர், அவ ஒரு டெனிஷ்காரி, என்னைக் கூப்பிட்டு, "உனக்கு இங்கிலீஸ் வரும்தானே, இனி இவ உன்ர பொறுப்பு" எண்டு சொல்லிப்போட்டா.

முதல் நாளே எங்களுக்குள்ள கொழுவல். நான் காலமை வணக்கம் சொல்லி ரெண்டு வசனம் கதைக்க, அவ புருவத்தைத் தூக்கி, "இந்த இங்கிலீஸ் எங்க படிச்சது? என்ர அப்பா காலத்து வாத்திமார் மாதிரியெல்லோ கதைக்கிறாய்" எண்டா. எனக்குக் கோவம் மூக்கு நுனியில இருக்கிறது. "உங்கட ஆக்கள் வந்து கட்டிவிட்டுப் போன பள்ளிக்கூடத்திலதான் படிச்சனான். குறையிருந்தா அவையளிட்டக் கேளுங்கோ" எண்டன்.  அவ வாய்விட்டுச் சிரிச்சா. "சரி, முதுகை நல்லா உரஞ்சு" எண்டா. எங்களை ஆண்ட சனத்தின்ர முதுகை நான் நாலு வருஷம் உரஞ்சினன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அவவில சரியான விருப்பம்.

அவவின்ர கட்டிலுக்குப் பக்கத்து மேசையில ஒரு கிழிக்கிற கலண்டர் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் மருமகள் முறையான ஒருத்தி லண்டனில இருந்து அனுப்புவா. எங்கட தமிழ்க் கலண்டரில ராகுகாலமும் திதியும் இருக்கிற இடத்தில அதில இங்கிலீஸ் சரித்திரம் இருக்கும். இதே நாளில முந்தி நடந்த சண்டை, முடிசூடின ராசா, கடலுக்குள்ள மூழ்கித் தாண்டுபோன கப்பல். காலமை நான் உள்ள போனா முதல் வேலை அதுதான். நேற்றையத் தாளைக் கிழிக்கவேணும், இண்டையத் தாளை உரத்து வாசிக்கவேணும். அதுக்குப் பிறகுதான் தன்ர உடம்பில கை வைக்க விடுவா. பக்கத்து அறையில மணி அடிச்சுக்கொண்டிருக்கும், இவ இங்க ஆறுதலா அரசரின்ர கதை கேட்டுக்கொண்டிருப்பா. கண்டறியாத கலண்டர் எண்டு எத்தினை நாள் மனசுக்குள்ள திட்டியிருப்பன்!

ஏப்ரல்தான் அதில பெரிய மாசம். ரெண்டாம் திகதி, 1801இல இங்கிலீஸ் கப்பல்கள் கொப்பன்ஹேகனுக்கு முன்னால வந்து டெனிஷ்காரரின்ர கப்பல்களை அடிச்சு நொறுக்கின நாள். "இதைக் கீழ சாப்பாட்டு மேசையில சொல்லிப்போடாதை, பிறகு எனக்கு உருளைக்கிழங்கு தரமாட்டினம்" எண்டுவா. ஒன்பதாம் திகதி, ஜெர்மன்காரன் டென்மார்க்குக்குள்ள வந்த நாள், இல்லத்துக் கொடி மத்தியானம் மட்டும் அரைக்கம்பத்தில நிக்கும். அவவின்ர தாளில அது இல்லை. 1942இல அதே நாள் மட்டக்களப்புக் கடலில ஜப்பான்காரன் தாட்ட விமானம்தாங்கிக் கப்பல்தான் இருந்தது. "மட்டக்களப்பு எங்கயிருக்கு?" எண்டு கேட்டா. "எங்கட நாட்டில. உங்கட கப்பல் இன்னும் அங்கதான் கிடக்கு, வேணுமெண்டாப் போய் எடுங்கோ" எண்டன்.

பதின்மூண்டாம் திகதி, அமிர்தசரஸில வெள்ளைக்காரன் சனத்தைச் சுட்டது, ஒரேயொரு வரி. அதை வாசிச்சுப்போட்டு நான் நேர குளிக்க வாக்கத் தண்ணி பிடிக்கப் போனன். பதினைஞ்சு, பனிமலையில மோதித் தாண்ட பெரிய கப்பல். பதினாறு, ஸ்கொட்லாந்துச் சனம் தோத்துப்போன சண்டை. தாய் ஸ்கொட்லாந்துக்காரி, அதால அந்தத் தாளை மட்டும் வாசிக்க விடாமல் கையைக் காட்டி மறிச்சுப்போடுவா. பதினேழு, 1945இல இங்கிலீஸ் விமானங்கள் எங்கட ஒடென்சேயிலயே ஜெர்மன் ரகசியப் பொலிசின்ர இடத்துக்குக் குண்டுபோட, அதில ஊர்ச்சனமும் செத்த நாள். லண்டனில அடிச்ச கலண்டரில ஒடென்சே எண்ட சொல்லே கிடையாது. இருபத்தொண்டு, மகாராணி பிறந்தநாள், அண்டைக்கு அவவுக்குக் கேக் வேணும்.

இதெல்லாம் கலண்டர்காரன் அடிச்சு வைச்ச நாட்கள். மாசத்துக் கடைசிக் கிழமையில ஒரு நாள் மட்டும் அவவின்ர சொந்த நாள். திகதியை நான் இங்க எழுதமாட்டன். புதுக் கலண்டர் வந்த உடன அந்தத் தாளைத் தேடிப் பிடிச்சு, மூலையில பேனையால சின்னதா ஒரு சிலுவை போடுவா. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில, விமானப்படையில இருந்த அவவின்ர அண்ணன் ஒடென்சே இருக்கிற இந்தத் தீவுக்கு மேல பறந்து வரேக்க அடிபட்டு விழுந்தது அண்டைக்குத்தான். ஒடென்சேயில இருந்து காரில முக்கால் மணித்தியாலம், ஒரு கிராமத்துச் சேமக்காலையில புதைச்சிருக்கு. அவவுக்கு அப்ப பத்து வயசு. தாய்க்கு ஒருநாளும் வந்து பார்க்கக் கிடைக்கேல்ல. இவ வளர்ந்தாப்பிறகு தனிய வந்து அந்தக் கல்லைத் தேடியிருக்கிறா. வழி காட்டின பண்ணைக்காரரையே கட்டிக்கொண்டு இங்க தங்கிட்டா.

"அவன் விழுந்த அண்டைக்கு எங்கட ஆள் ஒருத்தரும் அவனுக்குப் பக்கத்தில நிக்கேல்ல" எண்டு எனக்குச் சொன்னவ. "அதால அந்த நாளில ஒராள் போய் நிக்கவேணும். வேற நாளில போறது சும்மா கல்லைப் பார்க்கிறது." எனக்கு விளங்கேல்ல எண்டு சொல்ல ஏலாது. நல்லா விளங்கினது.

முந்திப் புருஷன் கூட்டிக்கொண்டு போவாராம். பிறகு மகன். மகனுக்குக் கப்பலில வேலை. அந்த வருஷம் அவர் வெள்ளிக்கிழமைதான் கரைக்கு வருவார், சிலுவை போட்ட நாளோ புதன்கிழமை. "நான் கூட்டிக்கொண்டு போறன்" எண்டு நான்தான் வாயைக் குடுத்தன். புதன்கிழமைக்கு லீவு கேட்டு வைச்சன். அவவுக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கேல்ல. நீலக் கார்டிகனைத் தோய்ச்சு வை, கறுப்புச் சப்பாத்தைத் துடைச்சு வை எண்டு ரெண்டு கிழமையா என்ர உயிரை எடுத்தா.

திங்கட்கிழமை லீடர் என்னை நடையில மறிச்சா. "ரெண்டு பேருக்குச் சுகமில்லை. புதன்கிழமை நீ வேலைக்கு வருவியோ?" டெனிஷ்காரரெண்டா முகத்துக்கு நேர ஏலாது எண்டு சொல்லிப்போட்டுக் கோப்பி குடிக்கப் போடுவினம். எங்களுக்கு அந்த வாய் வராது. அகதியா வந்து இறங்கின நாளில இருந்து, வேலை தாறவைக்கு நாங்கள் சொல்லிப் பழகினது ஒரு சொல்தான். "ஓம், வாறன்" எண்டன். அவ என்ர தோளில தட்டி நன்றி சொன்னா. எனக்கும் அது சந்தோஷமாத்தான் இருந்தது, வெக்கக்கேடு.

அண்டைக்குப் பின்னேரம் சாப்பிடேக்க மகளிட்டச் சொன்னன். இங்க வளர்ந்த பிள்ளை, டெனிஷிலதான் மறுமொழி சொல்லுவாள். "அம்மா, அது அவவின்ர நாளெல்லோ?"

"சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போவன். அவவுக்குக் காலமை என்ன சாப்பிட்டதெண்டு பின்னேரம் ஞாபகமில்லை. இண்டைக்குத்தான் அந்த நாள் எண்டு சொன்னாச் சரி. நாங்கள் அம்மப்பாவுக்கு அப்பிடிச் செய்யிறேல்லையே?"

"அம்மப்பாவிட்ட நீங்கள் கேட்டனீங்களோ?" எண்டாள்.

"கதையைக் குறைச்சுப்போட்டுச் சாப்பிடு" எண்டு ஏசிவிட்டன். அவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போட்டாள்.

கலண்டர் என்ர கையிலதானே இருந்தது. தாளைக் கிழிக்காமல் விட்டா நாள் நகராது. செவ்வாய்க்கிழமைத் தாளில ஒரு அரச குடும்பத்துக் கலியாணம், அதைச் செவ்வாய்க்கிழமை ஒழுங்கா வாசிச்சன். புதன்கிழமையும் கிழிக்காமல் அதையே வாசிச்சன். குரல் கொஞ்சம் பிசகினது, இருமிச் சமாளிச்சன்.

"இண்டைக்கோ போறம்?" எண்டு கேட்டா.

"இல்லை, அந்த நாள் இன்னும் வரேல்ல. சனிக்கிழமைதான்."

"சனிக்கிழமை" எண்டு திருப்பிச் சொன்னா. யன்னலுக்கு வெளியால பார்த்தா. ஏப்ரலில இப்பிடி ஒரு வெயிலோ எண்டு கேக்கிற மாதிரி எறிச்சுக்கொண்டிருந்தது, முற்றத்துப் பீச் மரத்தில அப்பதான் இலை விட்டிருந்தது. "அந்த நீலக் கார்டிகனைப் போட்டுவிடு" எண்டா. அது சனிக்கிழமைக்கெல்லோ எண்டன். "போட்டுவிடு" எண்டா. போட்டுவிட்டன். அண்டைக்கு முழுக்க அதோட யன்னலடியில இருந்தா. நான் நாலைஞ்சு தரம் அந்தப் பக்கம் போனன், ஓரொரு தரமும் கெதியாத் திரும்பி வந்திட்டன். அவவின்ர முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, அதுதான் உண்மை.

வியாழக்கிழமை மூண்டாந்தரம் அதே கலியாணத்தை வாசிச்சன். அவ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தா. "சரியான நீட்டுக் கலியாணமா இருக்கே" எண்டா.

"எங்கட ஊரில முந்தி நாலு நாளைக்கு நடக்கும்" எண்டு பகிடி விட்டன்.

"பொம்பிளை பாவம். களைச்சுப்போயிருப்பாள்" எண்டு சொல்லி, என்ர கையில ரெண்டு தரம் தட்டினா.

மறதியில உளறுறா எண்டுதான் நினைச்சன். கோப்பி குடிக்கிற அறையில மற்றவைக்கும் சொல்லிச் சிரிச்சன். அந்தச் சிரிப்பை இப்ப நினைச்சா எனக்கு என்னிலயே வெறுப்பு வரும்.

வெள்ளிக்கிழமை காலமை நான் சைக்கிளை நிப்பாட்டேக்க, முற்றத்தில கொடி அரைக்கம்பத்தில நிண்டது. எங்கட இல்லத்தில ஆரும் செத்தா அப்பிடித்தான். ஆரெண்டு நான் கேக்கேல்ல, அவவின்ர யன்னல்தான் திறந்திருந்தது. உயிர் வெளியால போகட்டும் எண்டு இங்க யன்னலைத் திறந்துவிடுவினம். நித்திரையிலயே போயிட்டாவாம். லீடர் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சா. கழுவி உடுத்திவிடுற வேலையை நானே கேட்டு எடுத்தன். முதுகை நல்லா உரஞ்சினன். அழுதழுது உரஞ்சினன், கடவுளே, ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக்கூடாதோ எண்டு அவவோடயே சண்டை பிடிச்சன்.

நீலக் கார்டிகன் கதிரையில தொங்கினது. அதைத்தான் போட்டுவிடுவம் எண்டு எடுத்தன். அவ எப்பவும் கார்டிகனின்ர இடது கைக்குள்ள மூக்குத் துடைக்கிற கைலேஞ்சியைச் செருகி வைச்சிருப்பா. அதை இழுக்க, கூடவே நாலா மடிச்ச ஒரு தாள் விழுந்தது. விரிச்சுப் பார்த்தன். மூலையில பேனையால போட்ட சிலுவை. அதுக்குக் கீழ பென்சிலால, நடுங்கின எழுத்தில, ஒரு சொல். வெயில்.

நான் போய்க் கலண்டரைத் தூக்கினன். மேல நான் வாசிச்ச கலியாணத் தாள் அப்பிடியே இருந்தது. அதைக் கிளப்பினா அடியில வியாழக்கிழமை. புதன்கிழமையை ஆரோ மேல்தாள் குலையாமல், பக்குவமா உருவி எடுத்திருந்தது. அந்த மூட்டுவாதம் பிடிச்ச விரலால அதை எடுக்க அவவுக்கு எவ்வளவு நேரம் சென்றிருக்கும் எண்டு யோசிச்சன். அவவுக்கு நாள் தெரியும். நான் பொய் சொல்லுறன் எண்டும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கலியாணத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறா. நான் கட்டில் விளிம்பில இருந்திட்டன்.

தாளைச் சட்டைப் பொக்கற்றில வைச்சன். ஆருக்கும் சொல்லேல்ல.

சனிக்கிழமை மகன் வந்தார், அறுபது வயசு மதிக்கத்தக்க, மெல்லிசாக் கதைக்கிற மனுசன். அறையை ஒதுக்க நானும் கூட நிண்டன். "நல்லகாலம், அந்த நாள் வந்ததே அம்மாவுக்குத் தெரியாமல் போட்டுது" எண்டு டெனிஷில சொன்னார். "தெரிஞ்சிருந்தாத் தாங்கியிருக்கமாட்டா." சொல்லிக்கொண்டே அலுமாரியில இருந்து ஒரு பிஸ்கற் தகரப் பேணியை எடுத்துத் திறந்தார். உள்ளுக்க முழுக்கக் கலண்டர் தாள்கள். பழையது மஞ்சளாகிப் போயிருந்தது. ஒவ்வொண்டிலயும் சிலுவை, ஒவ்வொண்டிலயும் ரெண்டு சொல். மழை. போனேன். மூட்டம். போனேன். ஆலங்கட்டி. போனேன். அவரைப் பெற்ற வருஷத்துத் தாளையும் தேடி எடுத்துக் காட்டினார், அதிலயும் அப்பிடித்தான் இருந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மனுசன் ஒரு ஆறுதலைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது, அதை ஏன் பறிக்கவேணும்? ஆனா அந்தத் தாள் அந்தப் பேணிக்குள்ள இருக்கவேண்டியது. அதை என்ர வீட்டில வைச்சிருக்க எனக்கு உரிமையில்லை. எடுத்துக் குடுத்தன். எல்லாத்தையும் சொன்னன், லீடருக்குத் தலையாட்டினது, கலியாணத்தை மூண்டு தரம் வாசிச்சது, நீலக் கார்டிகன், எல்லாம்.

அவர் அதை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தார்.

"ரெண்டாவது சொல் இல்லை" எண்டார்.

"ஓம். அது என்னாலதான்."

என்னை ஏசேல்ல. பரவாயில்லை எண்டும் சொல்லேல்ல. தாளை மற்றத் தாள்களுக்கு மேல வைச்சுப் பேணியை மூடினார். "கார் இருக்கோ?" எண்டு கேட்டார். போனம். நான் அவவோட போகவெண்டு வாங்கி வைச்ச பூ பின் சீற்றில கிடந்தது. வழியெல்லாம் மழை. சேமக்காலையில சரளைக்கல்லை வடிவா வாரிவிட்டிருந்தவை, எங்கட ரெண்டு பேரின்ர காலடி மட்டும் அதில பதிஞ்சது. வெள்ளைக் கல்லில அந்தப் பெடியனின்ர வயசு வெட்டியிருந்தது, என்ர மகளிலயும் குறைய. அவர் பூவை வைச்சார். அவ சொன்னது சரி. அண்டைக்கு நாங்கள் பார்த்தது சும்மா ஒரு கல்லு.

பிறகு அவவின்ர சாம்பலையும் அதே சேமக்காலையில, புருஷனுக்குப் பக்கத்தில புதைச்சவை.

இந்த வருஷம் அப்பாவின்ர திதி செவ்வாய்க்கிழமை வந்தது. "உனக்கென்ன விசரோ, சனிக்கிழமை செய்வம், நாலு சனம் வரும்" எண்டு என்ர மனுசன் நிண்டார். நாலு சனம் வரத் தேவையில்லை எண்டன். லீவு போட்டு, தனிய நிண்டு சமைச்சுப் படைச்சன். மகள் வகுப்பு முடிஞ்சு வந்து பக்கத்தில நிண்டாள். அப்பா செத்து இத்தினை வருஷத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நான் அவருக்காக வடிவா அழுதன்.

ஏப்ரல் கடைசிக் கிழமையும் வந்தது. லீடர் கேட்டா, "ஒரு ஆள் குறையுது, வருவியோ?"  "ஏலாது. எனக்கு அண்டைக்கு ஒரு இடத்துக்குப் போகவேணும்" எண்டன். "அப்பச் சரி" எண்டு சொல்லிப்போட்டு அவ போட்டா. அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவுதான் விலை எண்டு தெரியாமல் இருந்திருக்கிறன்.

தனியத்தான் போனன். முதல்ல அவவிட்ட நிண்டன். பிறகு அண்ணனிட்டப் போய் நிண்டன். நான் அவையின்ர ஆளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. காத்து விட்டுவிட்டு அடிச்சுது, தலையில போட்ட சால்வையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

வீட்டை வந்து, குசினிச் சுவரில தொங்கிற எங்கட தமிழ்க் கலண்டரில அண்டையத் தாளைக் கிழிச்சன். ராகுகாலத்துக்குக் கீழ கொஞ்சம் வெள்ளை இடம் இருந்தது. மகளின்ர பென்சிலை எடுத்து எழுதினன்.

காத்து. போனன்.